மறு: இசைக்கருவியில ஹார்ட்வேர்-சாஃப்ட்வேர் இன்டெக்ரேஷன், தமிழ்ல எப்படிச் சொல்றது?

வணக்கம் எல்லாருக்கும்,

இந்த இழையில வந்த மெயில் எல்லாத்தையும் காலையில பெருவிரைவு ரயில்ல உட்கார்ந்து ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். இசைக்கருவிப் பெட்டியும் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரும் சேர்ந்து வேலை செய்யறதுக்கு (இன்டெக்ரேஷன்) அக்கா முன்வச்ச "ஒருங்கிணைப்பு" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நம்ம சிங்கப்பூர்ல அந்த வார்த்தைக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி, புதுசா குடிவந்தவங்க சமூகத்தோட கலக்கறதும் ஒருங்கிணைப்பு, சமூக மன்றத்துல நிகழ்ச்சியைப் பார்த்துக்கறவரும் ஒருங்கிணைப்பாளர். சரி, அது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னன்னா, ஒருங்கிணைப்புன்னு சொல்லிட்டா யாரு யாரை நம்பி இருக்காங்கன்னே தெரியாமப் போயிடுது. டிரம் மெஷின் (தாளம் வாசிக்கற பெட்டி) வாங்கப் போறவருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கம்ப்யூட்டர் ஒயரை உருவிட்டா இந்தப் பெட்டி வாசிக்குமா வாசிக்காதா. நாம உண்டாக்கற சொல்லு இதுக்குப் பதில் சொல்லணும்.

அகாய் கம்பெனியோட எம்பிசிங்கற டிரம் மெஷின் கதையையே எடுத்துக்கங்க. 1988ல ரோஜர் லின் வடிவமைச்ச எம்பிசி60 வந்தப்ப அது முழுசா தன் கால்ல நின்ன பெட்டி, சாம்பிள் (ஒலித்துணுக்கு) எடுக்கறது, அடுக்கறது, வாசிக்கறது எல்லாம் அதுக்குள்ளயே. 2012ல அதே வரிசையில ரெனெசான்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, பாக்க அப்படியே பழைய எம்பிசி, விரலால தட்டற அதே பேடு, அதே மாதிரி குமிழு, ஆனா மூளை கம்ப்யூட்டர்ல ஓடற சாஃப்ட்வேர்ல இருந்துச்சு, ஒயரைப் பிடுங்கினா ஒண்ணுமே நடக்காது. அப்புறம் 2017ல லைவ், எக்ஸ்னு ரெண்டு மாடல், மறுபடி தனியாவே ஓடுச்சு, வேணும்னா கம்ப்யூட்டரோட சேர்ந்தும் ஓடும். ஒரே பேரு, மூணு நிலைமை. மூணையும் "ஒருங்கிணைப்பு"ங்கற ஒத்தை வார்த்தையில எப்படிங்க சொல்றது?

அதனால நான் மூணு சொல்லு முன்வைக்கறேன். தனியியக்கம், சார்பியக்கம், உடனியக்கம். எம்பிசி60 தனியியக்கக் கருவி. ரெனெசான்ஸ் சார்பியக்கக் கருவி. தன்னாலயும் ஓடும், கம்ப்யூட்டரோட சேர்ந்தா இன்னும் நிறைய செய்யும்னா அது உடனியக்கம். தனியியக்கத்துக்குப் பதிலா "தன்னியக்கம்" போடலாமேன்னு அண்ணன் கேட்டிருந்தார், அது ஆட்டோமேஷனுக்கு நிலைச்சுப் போன சொல்லு, இங்க கொண்டாந்தா குழப்பம்தான் மிஞ்சும்.

உடன்னா உடனேன்னு எடுத்துக்க மாட்டாங்களான்னும் ஒரு கேள்வி வந்துச்சு. உடன்பிறப்பு, உடன்படிக்கைன்னு சொல்றப்ப யாரும் அப்படி எடுத்துக்கறதில்லையே. மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள்னு பள்ளிக்கூடத்துல படிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், "தாயொடு குழந்தை வந்தது"ன்னு எடுத்துக்காட்டு சொல்வாங்க. ரெண்டு பேரும் வந்தாங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா கால் உண்டு. நமக்கு வேண்டிய அர்த்தம் அப்படியே அதுல இருக்கு.

உடனியக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 2005ல வந்த ஆக்சஸ் வைரஸ் டிஐங்கற சிந்தசைசர் (மின்னணு முறையில ஒலி உண்டாக்கற கருவி). டிஐன்னா டோட்டல் இன்டெக்ரேஷன், பேர்லயே வச்சுட்டாங்க, யுஎஸ்பி ஒயர் சொருகினா சிந்தசைசரே கம்ப்யூட்டர்ல ஒரு பிளக்இன் (இசை சாஃப்ட்வேருக்குள்ள சேர்ந்து ஓடற குட்டி புரோகிராம்) மாதிரி திறக்கும். அந்த சாஃப்ட்வேர் ஓடாத புது கம்ப்யூட்டரா இருந்தாலும் பெட்டி தன்பாட்டுக்கு வாசிக்கும். இன்னொண்ணு எலெக்ட்ரான் கம்பெனியோட டிஜிட்டாக்ட் டிரம் மெஷின், 2017ல விக்க ஆரம்பிச்சப்ப கம்ப்யூட்டரோட சேர்க்கற ஓவர்பிரிட்ஜ் சாஃப்ட்வேர் பின்னாடி வரும்னுதான் சொன்னாங்க, அது வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அத்தனை நாளும் வாங்கினவங்க வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சார்பியக்கமா இருந்திருந்தா அது வெறும் பெட்டி.

கம்பெனிக்காரங்க பக்கமும் பாக்கணும், இது லேசுப்பட்ட விஷயம் இல்ல. பெட்டியை ஒருத்தருக்கு ஒரு தடவைதான் விக்க முடியும், ஆனா ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் சிஸ்டத்தை மாத்திக்கிட்டே இருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் டிரைவரை (பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்க வைக்கற புரோகிராம்) திருத்தணும், அதுக்கு ஆள் வேணும், சம்பளம் வேணும், வித்த காசு எப்பவோ செலவாகியிருக்கும். 2019ல மேக் கேட்டலீனா வந்து 32 பிட் புரோகிராம் எதுவும் ஓடாதுன்னு ஆனப்ப கருவியோட ஒலியைக் கம்ப்யூட்டர்ல இருந்து திருத்தற எத்தனையோ பழைய எடிட்டர் ஒரே நாள்ல செத்துப் போச்சு. கருவி நல்லாத்தான் இருந்துச்சு, அதோட பேசற சாஃப்ட்வேர்தான் இல்ல.

போன தீபாவளிக்கு முன்னாடி சமூக மன்றத்துல மெல்லிசை ஒத்திகை நடந்தப்ப இதைக் கண்ணால பார்த்தேன். தம்பி ஒருத்தர் தவில், உறுமி சாம்பிள் எல்லாம் ஏத்தி வச்சிருந்த பேட் கன்ட்ரோலர், கம்பெனி பேரு வேணாம், ராத்திரி லேப்டாப் தானா அப்டேட் ஆயிருக்கு, புது சிஸ்டத்துக்கு டிரைவர் இன்னும் வரல. பதினாறு பேடும் மங்கலா எரியுது, குட்டி ஸ்க்ரீன்ல கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கறதா ஒரு வரி, தட்டினா ரப்பர் சத்தம் மட்டும் டொப்பு டொப்புன்னு. பக்கத்துலயே ஃபிளாப்பி டிரைவ் வச்ச அரதப்பழசான கீபோர்டு, சுவிட்சைப் போட்டதும் வாசிச்சுது. அந்தத் தம்பி கடையில கேட்டப்ப "ஃபுல் இன்டெக்ரேஷன்"னு சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. தப்பாவும் சொல்லல, அந்தச் சொல்லுதான் எதையும் சொல்லல.

மிடியையும் (இசைக்கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற பொது முறை) இதுல சேர்க்கணும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது வேணாம்ங்கறது என் கருத்து. 1983ல புராஃபெட் 600, ஜூபிட்டர் 6ங்கற ரெண்டு கீபோர்டை ஒயர் போட்டுப் பேச வச்சுக் காட்டினாங்க, வேற வேற கம்பெனி, வேற வேற நாடு, அன்னிக்கு வந்த கீபோர்டு இன்னிக்கு வர்ற பெட்டியோடவும் பேசும். ஒண்ணை ஒண்ணு நம்பி இல்ல, ரெண்டும் ஒரே மொழி பேசுதுங்க, அவ்வளவுதான். அதுக்கு இணக்கம்ங்கற சொல்லே போதும். நம்ம ஊரு கிரியேட்டிவ் கம்பெனியும் இந்தப் பக்கம்தான். 1993ல இ-மியூங்கற சிந்தசைசர் கம்பெனியை வாங்கினாங்க, அடுத்த வருஷமே ஏடபிள்யூஇ32ங்கற சவுண்ட் கார்டோட சவுண்ட் ஃபாண்ட் (கருவி ஒலிங்களைச் சேர்த்து வச்ச ஃபைல்) வந்துச்சு, கம்ப்யூட்டர்ல இருந்து ஒலியை கார்டோட மெமரியில ஏத்தி வாசிக்கலாம். அந்த கார்டு சொருகற இடமே இப்ப வர்ற சாதாரண கம்ப்யூட்டர் மதர்போர்டுல இல்ல, ஆனா சவுண்ட் ஃபாண்ட் ஃபைலை இன்னிக்கும் மியூஸ்ஸ்கோர்ங்கற இசைக்குறிப்பு எழுதற சாஃப்ட்வேர்ல ஏத்தி வாசிக்க முடியுது. சிங்கப்பூர்க்காரங்களா இதுக்கு நாம பெருமைப்படலாம்னு நினைக்கறேன்.

ஹார்ட்வேர் அப்டேட்டுக்கு என்ன சொல்லுன்னும் கேட்டிருந்தீங்க. "புதுப்பிப்பு"வை சாஃப்ட்வேருக்கே விட்டுடுவோம். போர்டு மாறினா, சிப்பு மாறினா "மறுவார்ப்பு"ன்னு சொல்லலாமா? 2020 அக்டோபர்ல ஜப்பான்ல ஆடியோ சிப்பு செய்யற ஏகேஎம் கம்பெனியோட ஃபேக்டரி தீப்பிடிச்சப்ப ஆடியோ கம்பெனிங்க பலபேர் வேற சிப்பு போட்டு போர்டைத் திரும்ப வரைய வேண்டியதாச்சு. பெட்டிக்கு அதே பேரு இருக்கலாம், உள்ள வேற.

இப்ப இந்தச் சொல்லெல்லாம் வாக்கியத்துல உட்காருதான்னு பாருங்க. ஏபிள்டன் கம்பெனி 2023ல விட்ட புஷ் 3ங்கற பேடு வச்ச கருவியில ரெண்டு வகை, ஒண்ணு சார்பியக்கம், இன்னொண்ணு உடனியக்கம், சார்பியக்க வகையை வாங்கினவங்க பின்னாடி புராசசரும் பேட்டரியும் தனியா வாங்கிப் போட்டு உடனியக்கமா மாத்திக்கலாம். ஒருங்கிணைப்பை வச்சு இதே வாக்கியத்தை யாராவது எழுதிக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்.

சொல்லு நீளமா இருக்கு, யாரு சொல்லப் போறான்னு கேக்கறவங்களுக்கு: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்னு (இங்க அடுக்குமாடி வீடு கட்டற அரசு அமைப்பு) முழுசா யாரும் சொல்றதில்ல, வீவகன்னு தமிழ் முரசு பத்திரிகையில போட்டுப் போட்டு வீட்டுல பேசற சொல்லாவே ஆயிடுச்சு. நாமளும் முதல்ல எழுதணும், விக்கில போடணும், கருவி விமர்சனம் எழுதறவங்க ரெண்டு பேரு எடுத்துக்கிட்டாலே போதும்.

ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்குள்ள எழுதுங்க, சனிக்கிழமை நான் மூணு சொல்லுக்கும் விளக்கம் எழுதி பொதுக் கோப்புல ஏத்திடறேன். மறுவார்ப்பை இப்போதைக்கு ஏத்தல, அதுல எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்ல, வேற நல்ல சொல்லு தோணினா சொல்லுங்க. ஃபர்ம்வேருக்கு (பெட்டிக்குள்ளயே பதிஞ்சிருக்கற சாஃப்ட்வேர்) நிலைப்பொருள் சரியாங்கற பேச்சைத் தனி இழையில வச்சுக்குவோம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து