மறு: டெமரேஜ், டிடென்ஷன், ஹால்டிங் – மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வேகனோ கன்டெய்னர் பெட்டியோ லாரியோ அனுமதித்த நேரத்துக்கு மேல் நின்றால் வரும் டெமரேஜ், டிடென்ஷன், ஹால்டிங் (லாரி காத்திருந்ததற்கு லாரிக்காரருக்குத் தரும் காசு) ஆகிய மூன்றுக்கும் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நம் குழுவில் பேச்சு ஓடுகிறது. நான்கு நாளாக அதற்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். 'தாமதக் கட்டணம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். செங்குன்றம் பக்கத்துக் கிடங்குகளில் பதினோரு வருடமாக பில் போடுகிற வேலை எனக்கு. அந்தச் சொல் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

போன வருடம் நடந்தது. நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர், சொந்த வண்டி, 32 அடி கன்டெய்னர் லாரி. தீபாவளிக்கு முந்தைய நெரிசலில் ஒரு கிடங்கின் கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் கிடந்தார். அவர் கையெழுத்துப் போட்டிருந்த தமிழ்ப் படிவத்தில் 'தாமதக் கட்டணம், நாளொன்றுக்கு இவ்வளவு' என்று ஒரு வரி இருந்தது. ஹால்டிங் காசு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன். மாதக் கடைசியில் பார்த்தால் அந்தத் தொகை அவர் வாடகையில் கழிக்கப்பட்டிருந்தது. ஆங்கில மூலத்தில் அது சரக்கைத் தாமதமாகச் சேர்த்ததற்கான அபராதம். சரக்கு உள்ளே போய் முத்திரை விழுந்த நாளைத்தானே கணக்கில் எடுப்பார்கள், அது இரண்டு நாள் பிந்திய தேதி. ஆக, காத்துக்கிடந்ததற்குக் கூலி கிடைக்கவில்லை, காத்துக்கிடந்த அதே இரண்டு நாளுக்கு அபராதமும் கட்டினார். என் மேசைக்கு முன்னால் நின்று, "அண்ணே, இது நான் வாங்க வேண்டிய காசா, குடுக்க வேண்டிய காசா?" என்று கேட்டார். அந்தப் படிவத்தைத் தமிழாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதையே மறைத்துவிடுகிற ஒரு சொல்லை எப்படிக் கலைச்சொல் என்று ஏற்பது?

சரி, முதலில் எதற்கெல்லாம் சொல் வேண்டும் என்று பார்ப்போம். ரயில்வேயில் இது தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் டெமரேஜ், வார்ஃபேஜ் இரண்டுக்கும் தனித்தனி வரையறை உண்டு. அனுமதித்த நேரத்துக்கு மேல் வேகனைப் பிடித்து வைத்திருந்தால் டெமரேஜ். சரக்கை இறக்கிய பிறகு ரயில்வே இடத்திலிருந்து எடுத்துப் போகாமல் விட்டால் வார்ஃபேஜ். ஒன்று வண்டிக்கு, மற்றது இடத்துக்கு. இரண்டையும் தமிழில் 'தாமதக் கட்டணம்' என்று எழுதினால் கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டை இறக்குகிற வியாபாரிக்கு எதற்குக் காசு கட்டுகிறோம் என்பதே புரியாது.

கப்பலில் வரும் கன்டெய்னர் பெட்டிகளிலும் அப்படித்தான். துறைமுகத்துக்குள் வந்த பெட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு கணக்கு. எடுத்துப் போன பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் இன்னொரு கணக்கு. பொதுவாக முதலாவதை டெமரேஜ், இரண்டாவதை டிடென்ஷன் என்பார்கள். சில கப்பல் கம்பெனிகள் இரண்டையும் சேர்த்து ஒரே மீட்டராக ஓட்டுவதும் உண்டு. அப்புறம் நம் லாரிக்காரர்களின் ஹால்டிங். இதற்கு ரயில்வே மாதிரி சட்ட வரையறை எதுவும் இல்லை, பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். அதனாலேயே இதற்குத்தான் நல்ல சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது.

> இது சின்ன விஷயம், இத்தனை நுணுக்கம் தேவையா?

தேவை ஐயா. இன்றைக்குக் கிடங்குத் தொழிலில் எங்களை அதிகம் படுத்துவது இந்தக் காத்திருப்புதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி என்பதால், கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்னக் கிடங்கு வைத்து சரக்கை அங்கே மாற்றிக்கொண்டார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. சின்னவற்றை மூடிப் பெரிய கிடங்குகளாகச் சேர்த்தார்கள். எல்லைச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. சாலையில் வண்டி வேகமாக வந்தது உண்மை, ஆனால் பத்து இடத்துக்குப் பிரிந்து போன வண்டிகள் இப்போது ஒரே கேட்டில் வந்து நிற்கின்றன. உள்ளே இறக்குமேடைகள் எண்ணித்தான் இருக்கும். சரக்கு பேலட்டில் (அடுக்குப் பலகையில்) வந்தால் ஃபோர்க்லிஃப்ட் வைத்துச் சட்டென்று இறக்கிவிடலாம். இங்கே பாதிக்கு மேல் தனித்தனி அட்டைப்பெட்டிகளாகத்தான் வருகின்றன, ஒவ்வொன்றாகக் கையால் இறக்கி எண்ண வேண்டும், லோடுமேன்கள் கிடைப்பதும் முன்னைப்போல் இல்லை. இதற்கிடையில் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேறு. அதன் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே கெடு முடிந்தால், முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்தாக வேண்டும். சாலையோரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற டிரைவர் எங்கே போய் நீட்டிப்பார்? டியூ கட்ட வேண்டிய வண்டி மாதத்தில் இரண்டு நடையை இப்படி இழந்தால், அந்த மாத லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். கழிவறை, குளியல், சாப்பாடு எதுவும் இல்லாத இடத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. என் மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டேன் என்று டிரைவர்கள் சொன்னால் என்னால் மறுத்துப் பேச முடிவதில்லை.

> 'சுணக்கக் கட்டணம்' நல்ல தமிழ்ச்சொல், சுருக்கமானது.

அழகான சொல்தான். இலங்கைத் தமிழில் சுணங்குவது என்றால் நேரம் பிந்துவது, அங்கே இது அன்றாடப் பேச்சு என்பதும் இதற்குப் பலம். ஆனால் தமிழ்நாட்டில் சுணக்கம் என்றால் யாரோ சோம்பிவிட்டார்கள், வேலையில் மெத்தனம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டே வரும். யார் சுணங்கினார்கள்? கேட்டில் நின்ற டிரைவரா? தவறு யார்மேல் என்பதைத் தீர்மானித்தபிறகுதான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியும். இங்கே சண்டையே அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு, 2021இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்த சமயத்தில், காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இறக்குமதிக்காரர் தயாராக இருந்தும், வாங்கிக்கொள்ள நேரம் ஒதுக்கித் தரப்படாததால் பெட்டி அவரிடமே கிடந்தது, பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. புகார்கள் குவிந்து, 2022இல் அங்கே சட்டத்தையே திருத்தினார்கள். பில்லில் பெட்டி எண், தேதிகள், அனுமதித்த நாட்கள் எல்லாம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டத் தேவையில்லை. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதியோ பில்லை 30 நாளைக்குள் அனுப்பியாக வேண்டும் என்கிறது. யாரால் நின்றது என்பதை ஆதாரம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

> டிடென்ஷனுக்கு 'பிடிப்புக் கட்டணம்' எப்படி?

அக்கா, சம்பளப் பிடித்தம் என்ற சொல் எல்லார் மனதிலும் இருக்கிறது. லாரிக்காரர் இதைப் பார்த்தால் வாடகையில் பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். நாமக்கல் டிரைவரின் கதை அப்படியே திரும்பவும் நடக்கும்.

இப்போது என் முன்மொழிவு: கிடப்பு.

கேட்டில் நிற்கிற டிரைவருக்கு போன் போட்டுப் பாருங்கள், "ரெண்டு நாளா வண்டி இங்கயே கிடக்கு" என்பார். அவர் வாயில் ஏற்கெனவே இருக்கிற வினை அது. கிடப்பது என்பதில் பழி இல்லை, நிலைதான் இருக்கிறது. எண்ணோடும் நன்றாகச் சேருகிறது: மூன்று மணிக் கிடப்பு, இரண்டு நாள் கிடப்பு. டெமரேஜ் என்ற சொல்லுக்கு மூலமான பழைய பிரெஞ்சு வினைக்கும் தங்கு, நின்றுபோ என்ற பொருள் உண்டு. எது கிடந்ததோ அதன் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ரயில்வே டெமரேஜ் வேகன்கிடப்பு, வார்ஃபேஜ் சரக்குக்கிடப்பு, லாரி ஹால்டிங் வண்டிக்கிடப்பு. பெட்டிக்கு மட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும்: துறைமுகத்துக்குள் என்றால் துறைக்கிடப்பு, எடுத்துப் போனபின் என்றால் வெளிக்கிடப்பு.

'கிடப்பில் போட்டார்கள்' என்று கோப்பைச் சொல்வோமே, அந்த வாடை வராதா என்று கேட்பீர்கள். வரட்டுமே. கோப்பு தானாகக் கிடப்பில் போவதில்லை, யாரோதான் போடுகிறார்கள். வண்டியும் அப்படித்தான்.

பணத்தின் திசையைச் சொல்ல அடுத்த பாதியைப் பயன்படுத்தலாம். லாரிக்காரருக்குச் சேர வேண்டியது கிடப்புக் கூலி. ஏற்றுகூலி, இறக்குகூலி என்று பில்லில் ஏற்கெனவே எழுதுகிறோம், அதே வரிசையில் இதுவும் உட்காரும், கூலி என்றால் வாங்குகிற காசு என்று யாருக்கும் விளக்க வேண்டாம். துறைமுகத்துக்கோ ரயில்வேக்கோ கப்பல் கம்பெனிக்கோ கட்டுவது கிடப்புக் கட்டணம். தாமதமாகச் சேர்த்ததற்கு லாரிக்காரரிடம் கழிப்பது தாமதத் தண்டம். தண்டம் கடுமையாக இருக்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். கடுமையாகத்தான் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியில் கண் நிற்க வேண்டும்.

(போகிற போக்கில் ஒன்று. குடோன் வேண்டாம், கிடங்கு என்று எழுதுங்கள் என்று இங்கே அடிக்கடி வருகிறது. நம் கிடங்குதான் மலாய் மொழியில் குடாங் ஆகி, போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலம் போய், குடோனாகத் திரும்பி வந்தது என்று அகராதிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். எங்கள் லோடுமேன்கள் குடோன் என்றே சொல்லட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை.)

இன்னும் தீராதது இரண்டு. கட்டணம் இல்லாமல் அனுமதிக்கிற நேரத்துக்கு 'இலவச நேரம்' என்று எழுதுகிறார்கள், கேட்கவே ஒட்டவில்லை. தவணை என்றால் இப்போது எல்லாருக்கும் மாதக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. 'கெடு' சரியான சொல், ஆனால் 'கெடுநேரம்' என்று சேர்த்தால் கெட்ட நேரம் ஆகிவிடுகிறது. அதனால் தனியாக 'கெடு: 6 மணி' என்று மட்டும் எழுதலாம் என்பது என் எண்ணம். இரண்டாவது, கடிகாரம் ஓடத் தொடங்கும் கணம். கேட்டில் டோக்கன் வாங்கிய நேரமா, இறக்குமேடை கொடுத்த நேரமா? இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நாள் போன வண்டியை நானே பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் முதலாவதை ரிப்போர்ட்டிங் என்கிறார்கள். 'வருகைப் பதிவு' என்றால் பள்ளிக்கூட நினைவு வருகிறது, 'கேட் பதிவு' என்றே விட்டுவிடலாமா?

தூத்துக்குடியிலும் கொழும்பிலும் துறைமுகப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் டிரைவர்களும் கங்காணிகளும் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் புதிய படிவம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் திருத்திவிட முடியும்.