தடுத்தே பேர் வாங்கிய முன்கள வீரருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா?

அல்சூர்க்காரன் எழுதியது:

நேராகவே கேட்டுவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பதைவிட எதிரணியை அடிக்கவிடாமல் செய்வதையே தொழிலாகக் கொண்ட முன்கள வீரர்களை டொராண்டோவில் உள்ள, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. கனடா வாடிக்கையாளருக்காக இரவு ஷிப்ட் பார்க்கிறேன். டொராண்டோவின் மாலை ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கும். ஒயிட்ஃபீல்டிலிருந்து கம்பெனி வண்டி அல்சூர் ஏரிக்கரையைத் தொடுவதற்குள் கைப்பேசியில் ஒரு பீரியட், அதாவது ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, பார்த்துவிடலாம். பக்கத்து இருக்கைக்காரர் கோல் விழும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார். ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவும் அப்படித்தான் ஆட்டம் பார்க்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கு செல்கி விருது 1978 முதல் தரப்படுகிறது. முதல் நான்கு ஆண்டும் மாண்ட்ரியலின் பாப் கெய்னி ஒருவரே வாங்கினார். 1160 ஆட்டங்களில் அவர் எடுத்தது 501 புள்ளிகள்தான் (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்ததே புள்ளி). ஆனாலும் 1992இல் அவரைச் சேர்த்தார்கள். வழி பிறந்தது என்று பார்த்தால் பிறகு கதவு சாத்திக்கொண்டது. அதே மாண்ட்ரியலின் கீ கார்போனோ மூன்று செல்கி வாங்கியவர். 2000இல் ஓய்வு பெற்றவரை 2019இல்தான் கூப்பிட்டார்கள். டல்லாஸில் அவரோடு சேர்ந்து 1999இல் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற பின்லாந்துக்காரர் யெரே லெத்தினனுக்கும் மூன்று செல்கி. போதாததற்கு நான்கு ஒலிம்பிக் பதக்கம். 2025ஆம் ஆண்டுப் பட்டியல் வரை அவருக்கு அழைப்பில்லை.

ஃபெடரோவ், டாட்சுக் பெயரைச் சொல்லி யாரும் என்னை மடக்க வேண்டாம். அவர்களிடம் செல்கி இருந்தது உண்மை, ஆனால் உள்ளே போனது புள்ளிக் கணக்கைக் காட்டி. டாட்சுக் 953 ஆட்டங்களில் 918 புள்ளி எடுத்தவர். ஆறு செல்கியும் ஆயிரத்துக்கு மேல் புள்ளியும் வைத்திருக்கும் பெர்ஜெரானுக்காகவும் யாரும் தொண்டை வறளப் பேச வேண்டியிருக்காது. நான் கேட்பது தடுப்பதைத் தவிர வேறு சிபாரிசு இல்லாத ஆளைப் பற்றி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வேண்டாம் என்பது என் கட்சி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு ஆண் வீரர்கள். குழுவில் பதினெட்டுப் பேர், அதில் பதினான்கு பேர் கை தூக்க வேண்டும். இத்தனை குறுகலான வாசலில் லெத்தினனை நுழைத்தால் வெளியே நிற்கப் போவது யார் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். 875 ஆட்டங்களில் 514 புள்ளி எடுத்தவரைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்கு முன், 1484 ஆட்டங்களில் 1184 புள்ளி, இரண்டு செல்கி, 2006இல் கேப்டனாகக் கோப்பை என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ராட் பிரிண்டமோருக்கு என்ன பதில்?

இன்னொன்று. செல்கியைத் தருவது பத்திரிகையாளர் ஓட்டு. விழாத கோலை அவர்கள் எப்படி எண்ணுவார்கள்? ஒருமுறை பேர் வந்துவிட்டால் அந்தப் பேருக்கே மறுபடியும் ஓட்டு விழும். நல்ல கோல்கீப்பருக்கு முன்னால் ஆடிய முன்கள வீரர் எவரும் கொஞ்சம் கூடுதல் நல்லவராகத்தான் தெரிவார்.

பனிவீதி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, எண்ண முடியாது என்பதால் பார்க்கவும் முடியாது என்றாகிவிடுமா? 1993 இறுதிச் சுற்றின் பழைய ஒளிப்பதிவு கிடைத்தால் உட்கார்ந்து பாருங்கள். மாண்ட்ரியலும் லாஸ் ஏஞ்சலஸும். முதல் ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் 4-1 என்று எடுத்தது, நான்கு கோலிலும் அந்த அணியின் நட்சத்திரம் கிரெட்ஸ்கியின் கை இருந்தது. கார்போனோ நேராகப் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸிடம் போய், கிரெட்ஸ்கியை என்னிடம் விடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அடுத்த நான்கு ஆட்டமும் மாண்ட்ரியலுக்கு.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எதிராளியின் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பிரித்துக் கொடுப்பது கிரெட்ஸ்கியின் பழக்கம். அந்த இடத்துக்கு அவருடைய அலுவலகம் என்றே பேர். நல்ல தடுப்பாளர் அங்கே ஓடிப்போய் மோதமாட்டார். மோதப் போனால் கிரெட்ஸ்கி மறுபக்கம் வழுக்கி வெளியே வந்துவிடுவார். ஸ்டிக்கின் தட்டை முனையைப் பனியில் கிடத்தி, பக் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கண் பக்கின் மேல் இருக்காது, ஆளின் மார்பின் மேல் இருக்கும். கிரெட்ஸ்கி ஆள் மாற வெளியேறினால் அடுத்த நொடி கார்போனோவும் பெஞ்சுக்குப் போய்விடுவார். பெனால்டியால் ஆள் குறைவாக ஆடும் இரண்டு நிமிடத்திலோ, வரும் ஷாட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு உடம்பைக் கொடுப்பார். இதற்கெல்லாம் புள்ளிப் பட்டியலில் பத்தி கிடையாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பார்த்திருக்கிறேன், தம்பி. நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் மாண்ட்ரியல் பின்தங்கித்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் மெக்சோர்லியின் ஸ்டிக் வளைவு விதியை மீறியது என்று டெமர்ஸ் அளக்கச் சொன்னார், பெனால்டி கிடைத்தது, தற்காப்பு வீரர் டெஜார்டான் சமன் செய்தார், கூடுதல் நேரத்திலும் அவரே அடித்தார். மூன்றாவதும் நான்காவதும் கூடுதல் நேரத்தில் முடிந்தவை. அந்த ஆண்டு பிளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிக் கட்டச் சுற்றுகளில்) மாண்ட்ரியல் கோல்கீப்பர் பாட்ரிக் ரோய் கூடுதல் நேர ஆட்டங்களில் தொடர்ந்து பத்து வெற்றி பெற்றார். சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஓர் அளவுகோல், ஒரு தற்காப்பு வீரர், ஒரு கோல்கீப்பர் எல்லாம் சேர்ந்து வென்ற தொடரை எடுத்து கார்போனோ கணக்கில் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோவில்பட்டியான் எழுதியது:

நான் ஐஸில் கால் வைத்ததில்லை, புல்தரை ஹாக்கி ஆள். இப்போது சாந்திநகரில் குடியிருக்கிறேன், அங்குள்ள ஹாக்கி மைதானத்தில் மாலையில் போய் உட்காருவேன். அந்த உரிமையில் ஒரு வார்த்தை.

பெனால்டி கார்னரில் முதலில் ஓடிப்போய்ப் பந்தை மறிப்பவர் இருக்கிறாரே, டோக்கியோ ஒலிம்பிக்கில் நமக்கு அமித் ரோஹிதாஸ். எதிரி முழு வேகத்தில் அடிக்கப்போகும் பந்துக்கு நேராக ஓடுகிற வேலை. பந்து முழங்காலில் பட்டால் தெரியும் சங்கதி. மறுநாள் பேப்பரில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் படம்தான் பெரிதாக வரும், வரட்டும், அவரும் உழைத்தவர். ஆனால் ஆடியவர்களைக் கேளுங்கள். அணியில் முதலில் எழுத வேண்டிய பேர்களில் ஒன்று ரோஹிதாஸ் என்பார்கள். ஆகவே தேர்வுக் குழு புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, எதிரணியில் ஆடியவர்களைக் கூப்பிட்டு யாரைக் கண்டால் எரிச்சலாக இருந்தது என்று கேட்கட்டும்.

அல்சூர்க்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளைக்கு முதலில் பதில். பிரிண்டமோர் உள்ளே போகட்டும், லெத்தினனுக்கு முன்பே போகட்டும். எனக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் அவரும் வெளியே நிற்பது என் வாதத்துக்குத்தான் பலம். அத்தனை புள்ளி எடுத்தவரையே தற்காப்பு ஆள் என்று ஓரங்கட்டினால் மற்றவர் கதி என்ன? ரோய் இருந்ததால் கார்போனோ நல்லவராகத் தெரிந்தார் என்றால், அதே தராசில் கெய்னியையும் நிறுத்த வேண்டும்; அவருக்குப் பின்னால் நின்றது கோல்கீப்பர் கென் டிரைடன். கெய்னியை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவர்களைத் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

தடுப்பவர் எல்லோரையும் சேர்க்கச் சொல்லவில்லை. கெய்னியோடு ஆடிய டக் ஜார்விஸ் தொடர்ந்து 964 ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் ஆடினார், ஒரு செல்கியும் வாங்கினார். அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு, என் ஓட்டு இல்லை. மூன்று செல்கியும் ஒரு கோப்பையும் இருந்தால் பெயரை மேசைக்கு எடுத்துக்கொண்டு வாதாட வேண்டும் என்பதே நான் வைக்கும் அளவு. குழு யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பதை வெளியிடுவதில்லை. லெத்தினனுக்கு பதிமூன்று விழுந்ததா, மூன்று விழுந்ததா என்று தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கோவில்பட்டி அண்ணாச்சி, எதிரணியைக் கேட்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எரிச்சலை வைத்து ஓட்டெடுத்தால் முதலில் எசா டிக்கனன் உள்ளே போய்விடுவார். வாயால் கிரெட்ஸ்கியையே கடுப்பேற்றியவர், ஐந்து கோப்பை வைத்திருக்கிறார், ஒரு செல்கிகூட இல்லை. அவரைப் பற்றிக் கணக்குப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.