கையெழுத்திட்ட முதற்பதிப்பு என்கிறார்கள்: தலைவர்களின் தன்வரலாறுகளை வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

வணக்கம். சேலத்தில் ஒரு வீட்டு நூலகம் கைமாறுகிறது. அதிலிருந்து மூன்று தன்வரலாறுகள் விலைக்கு வருகின்றன. மூன்றுமே ஆசிரியர் கையெழுத்துடன் கூடிய முதற்பதிப்பு என்கிறார் தரகர்.

ஒன்று நேருவின் ஆங்கிலத் தன்வரலாறு. லண்டன் பாட்லி ஹெட் வெளியீடு, மேலுறை இல்லை. தலைப்புப் பக்கத்தில் நீல மையில் கையெழுத்து, அதன் கீழே "லண்டன், ஏப்ரல் 1936" என்று ஆங்கிலத்தில். அடுத்தது திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள். "முதற் பதிப்பு 1944" என்ற வரி உள்ளே இருக்கிறது. கறுப்பு மையில் கையெழுத்து, 1952-ஆம் ஆண்டுத் தேதி. கடைசியாக, கலைஞரின் நெஞ்சுக்கு நீதி முதல் பாகம். காலிக்கோ பைண்டிங், முதல் தாளில் "மு.க." கையெழுத்து. ஆனால் பக்க எண்கள் வரிசையாக வரவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் நானே எதையெல்லாம் சோதிக்கலாம்? வாங்கினால் ஏற்காட்டில் உள்ள வீட்டில் வைக்க எண்ணம். அங்கே புத்தகம் தாங்குமா?

பழந்தாள்

பதிப்பு வேறு, கையெழுத்து வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள், பதிப்பை முதலில். பதிப்பு தவறினால் கையெழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லாமல் போகலாம்.

திரு.வி.க. நூலிலிருந்து தொடங்குகிறேன், ஏமாற்றத்துக்கு அதிக இடம் அங்கேதான். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பலர் அச்சிட்டிருக்கிறார்கள். மறுபதிப்பிலும் "முதற் பதிப்பு 1944" என்ற வரி வரலாற்றுக் குறிப்பாக அப்படியே இருக்கும். அதன் கீழேயோ எதிர்ப்பக்கத்திலோ "இப்பதிப்பு", "எமது முதற்பதிப்பு", "மறுபதிப்பு" என்று இன்னொரு வரி இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு விற்பதும் உண்டு. ஆகவே அந்த ஒரு வரியை நம்பாமல் புத்தகம் முழுவதையும் பாருங்கள்.

விலை எப்படி அச்சாகியிருக்கிறது? 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தசம நாணயம் வந்தது. 1944-இல் வந்த புத்தகம் ரூபாய், அணாவில்தான் விலை சொல்லும். "ந.பை." என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெளியீட்டாளர் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. "தமிழ்நாடு" என்பது மாநிலப் பெயராக இருந்தால் 1969-க்குப் பிந்தியது. பன்னாட்டுத் தர நூல் எண் (ISBN) இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, 1944-இல் அது கிடையாது.

அடுத்தது எழுத்து. 1978 அரசாணைக்கு முன் னை, லை, ளை முதலியவை துதிக்கை போட்ட பழைய வடிவில்தான் அச்சாகும். புதிய வடிவில் இருந்தால் அது 1944 அச்சு அல்ல. பெரியார் இயக்க ஏடுகளும் நூல்களும் மட்டும் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பழைய வடிவம் இருப்பதாலேயே 1944 என்றும் ஆகிவிடாது, அரசாணைக்குப் பின்னும் ஈய எழுத்தை மாற்றாத அச்சகங்கள் இருந்தன. தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்தது என்றால் மேடு தெரியும். ஆப்செட் என்றால் வழவழவென்று இருக்கும். போர்க்காலத் தாளுக்கு ஒரு குணம் உண்டு: ஓரம் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். நூலே வெள்ளை வெளேரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நெஞ்சுக்கு நீதியில் பக்க எண் வரிசையாக இல்லை என்றீர்களே, காரணம் அநேகமாக இதுதான்: அந்நூல் முதலில் இதழ்களில் தொடராக வந்தது. வாசகர்கள் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைப்பது தமிழ்நாட்டில் வெகு வழக்கம். எண் 14, 15-க்குப் பிறகு 38, 39 என்று தாவும், பத்தி நடுவே விளம்பரத் துண்டு வரும், தலைப்புப் பக்கம் இருக்காது. அதுவும் சேகரிக்கத் தக்கதே, சில சமயம் நூலில் இல்லாத ஓவியம்கூட அதில் கிடைக்கும். ஆனால் அது முதற்பதிப்பு அல்ல. அந்த விலைக்கு வாங்காதீர்கள். தொடர் பைண்டிங் இல்லை என்றால் பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கத் தொகுதி) காணாமல் போயிருக்கிறது. பாரத்துக்கு 16 பக்கம் என்று எண்ணிப் பார்த்தால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, நெஞ்சுக்கு நீதி மொத்தம் 6 பாகம். வெவ்வேறு ஆண்டுகளில் வந்தவை. ஒவ்வொரு பாகத்துக்கும் முதற்பதிப்பு தனி. செட்டாக விற்பவற்றில் பெரும்பாலும் கலப்பு இருக்கும்.

நேரு நூல்: தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 1936 மட்டும் இருக்கிறதா, கீழே மறுஅச்சு மாதங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஆண்டிலேயே பல முறை மறுஅச்சானது. மறுஅச்சு வரி இருந்தால் ஆண்டு 1936 ஆனாலும் சேகரிப்பவர்கள் தேடும் முதல் அச்சு அல்ல. 1941-இல் அமெரிக்காவில் வேறு தலைப்பில் வந்தது தனிப் பதிப்பு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

மைக்கூடு

பழந்தாள் சார் பதிப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் கையெழுத்துக்கு வருகிறேன்.

நேரு கையெழுத்தை நான் தேதியிலேயே நிறுத்திவிடுவேன். கமலா நேரு 1936 பிப்ரவரி 28-இல் லோசானில் இறந்தார். மார்ச்சில் நேரு இந்தியா திரும்பிவிட்டார். ஏப்ரலில் லக்னோ காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். புத்தகம் லண்டனில் வெளியானதும் அதே ஏப்ரலில்தான். அவர் கையால் "லண்டன், ஏப்ரல் 1936" என்று எழுதியிருக்க வழியே இல்லை. வெளியான இடத்தையும் மாதத்தையும் பார்த்து யாரோ எழுதிய வரி இது. மேலே உள்ள கையெழுத்தும் அதே மை, அதே கை என்றால் இரண்டும் போகும்.

எந்தத் தலைவர் நூலானாலும் முதலில் இப்படி நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். வ.உ.சி. 1936-இல் மறைந்தார், அவருடைய சுயசரிதை நூலாக வந்ததே அதன் பிறகுதான். "வ.உ.சி. கையெழுத்திட்ட சுயசரிதை" என்று ஒரு பொருளே உலகில் கிடையாது. திரு.வி.க. 1953-இல் மறைந்தார், கடைசி ஆண்டுகளில் பார்வை இழந்து நூல்களைச் சொல்லி எழுதவைத்தார். 1952 தேதியில் நேர்க்கோட்டில் அழகாக ஒரு கையெழுத்து என்றால் நான் நம்ப மாட்டேன்.

பிறகு கருவிகள். 10 மடங்கு உருப்பெருக்கி, 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், ஒரு சாதா டார்ச். இவ்வளவு போதும்.

சாதா டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். பேனா அழுத்திய பள்ளம் தெரிய வேண்டும். பால்பாயிண்ட் என்றால் பள்ளம் ஆழமாக, பின்பக்கமும் மேடு தட்டும். பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1940-களின் நடுவில், ஆகவே அதற்கு முந்திய தேதியோடு பால்பாயிண்ட் மை இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து உருப்பெருக்கி. கோடு சிறு புள்ளிகளாக உடைந்தால் அது அச்சிட்ட கையெழுத்து. தலைவர்கள் முன்னுரையின் கீழ் கையெழுத்தை அச்சிடுவது வழக்கம், அதைக் கையெழுத்துப் பிரதி என்று விற்கிறார்கள். ஓரங்களில் மை கெட்டியாகவும் நடுவில் வெளிறியும் இருந்தால் ரப்பர் முத்திரை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு, இரு முனையிலும் பொட்டு, வேகமே இல்லாத நடுக்கம் என்றால் இயந்திரப் பேனா, அதாவது ஒருவர் கையெழுத்தைத் தானே போடும் கருவி. அமெரிக்கத் தலைவர்கள் பெயரில் வருபவற்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். மனிதக் கை இரு முறை ஒரே மாதிரி எழுதாது. இரண்டு பிரதிகளின் படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சொட்டாகப் பொருந்தினால் இயந்திரம்தான்.

மை எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான சான்று. புதுத் தாளில் பசைப்பூச்சு இருக்கும், ஊற்றுப்பேனா மை கோட்டுக்குள் நிற்கும். 70, 80 ஆண்டு கழித்து அதே தாளில் எழுதினால் பூச்சு தளர்ந்திருப்பதால் மை நார்நாராக இழுத்துக்கொள்ளும். பழுப்புப் புள்ளியின் மேல் கோடு ஏறும் இடத்தைப் பாருங்கள், அங்கே மட்டும் மை கசிந்திருந்தால் புள்ளி விழுந்த பிறகு போட்ட கையெழுத்து. பழைய மை எதிர்ப்பக்கத்தில் மங்கலான நிழலையும் விட்டிருக்கும்.

புறஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். 1950-க்கு முந்திய தாள் மங்கலாகத்தான் இருக்கும். பளீரென்று நீலமாக மின்னினால் வெண்மையூட்டி கலந்த பிற்காலத் தாள். நூல் முழுவதும் மங்கலாக இருந்து கையெழுத்துத் தாள் மட்டும் மின்னினால் அது ஒட்டுத்தாள், தனியாகச் சேர்த்த தாள். ஒட்டுத்தாள் எல்லாமே மோசடி அல்ல: இப்போது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் ஆயிரக்கணக்கான தனித்தாள்களைத் தலைவரிடம் அனுப்பிக் கையெழுத்து வாங்கி பைண்டிங்கில் சேர்க்கின்றன. அது உண்மைக் கையெழுத்துதான். ஆனால் நூலைக் கையில் வாங்கிப் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்த பிரதிக்கு இருக்கும் மதிப்பு அதற்கு வராது. பலர் "இன்னாருக்கு அன்புடன்" என்ற வரி இருந்தால் விலை குறையும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். கையெழுத்தை மட்டும் போலி செய்வது எளிது, இரண்டு வரி எழுதுவது கடினம்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்

மிக்க நன்றிங்க. திரு.வி.க. நூலில் முகவரி "சென்னை-600 017" என்று இருக்கிறது, எழுத்தும் புதிய வடிவம். ஆகவே அதுவும் நேருவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சுக்கு நீதி தொடர் பைண்டிங்தான், முதற்பதிப்பு விலைக்கு இல்லாமல் தொடர் பைண்டிங் விலைக்குக் கேட்கப் போகிறேன். சேலம் என்பதால் ராஜாஜி கையெழுத்துடன் ஏதாவது கிடைக்குமா? ஏற்காடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஒண்டிக்கடை

ஏற்காட்டில் வைக்கலாம், ஆனால் பீரோவில் அடுக்கிப் பூட்டிவிட்டுப் போனால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுமார் 1500 மீட்டர் உயரம், மழையும் மஞ்சும் இறங்கும் மாதங்களில் வீட்டுக்குள் ஈரப்பதம் நாள்கணக்கில் குறையாது. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும். 45 முதல் 55-க்குள் நிறுத்த வேண்டும். ஈரமானி ஒன்று வாங்கிப் புத்தகம் இருக்கும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், கூடத்துச் சுவரில் அல்ல.

பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் போடுவது வீண். கதவு இடுக்கில் காற்று புகுந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று நாளில் ஜெல் நிறைந்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்த 20 லிட்டர் காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் பை இரண்டு போதும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் 120 டிகிரி மின்சார ஓவனில் மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். பை புத்தகத்தைத் தொடக்கூடாது. ஈரமானி 35-க்குக் கீழே போனால் ஒரு பையை எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்தாலும் முதுகுப் பசை வெடிக்கும். அலமாரியில்தான் வைப்பேன் என்றால் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள், கற்சுவரில் வேர்க்கும் ஈரம் அட்டைக்குத்தான் முதலில் வரும்.

பச்சை வேப்பிலை வைக்காதீர்கள், அதுவே ஈரம். நாப்தலின் உருண்டையும் வேண்டாம். பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்தாலோ வெயிலில் காயப்போட்டாலோ ஊற்றுப்பேனா மை போய்விடும். நிழலில் காற்றாட உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். புழு இருந்தால் ஜிப் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது.

ஏற்காட்டிலிருந்து கோடையில் கீழே சேலத்துக்கு இறக்கும்போதும் இதே விதிதான். குளிர்ந்த புத்தகத்தை உடனே பிரித்தால் அட்டை வேர்க்கும்.

மேலுறைக்கு பாலியெஸ்டர் உறை போடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் அறவே கூடாது. பைண்டரிடம் கொடுக்கவே வேண்டாம், பழைய தையலைப் பிரித்து மூன்று ஓரமும் வெட்டித்தான் தருவார்கள். அட்டை ஆடினால் புத்தக அளவுக்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள்.

பழந்தாள்

ராஜாஜி முழுத் தன்வரலாறு எழுதவில்லை. அவர் வாழ்க்கையில் அந்த வகைக்கு நெருங்கி நிற்பது 1921-22-இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்புதான். அதன் பழைய பதிப்பு கையெழுத்துடன் வந்தால் தயங்காமல் பாருங்கள், ஆனால் நிதானமாகப் பாருங்கள். காரணம், அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். அவர் கையெழுத்திட்ட காகிதங்கள் இந்த ஊரில் கிடைக்க நியாயம் உண்டு. அவற்றிலிருந்து கையெழுத்தை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டினால் கையெழுத்து உண்மை, பிரதி பொய். மைக்கூடு சொன்ன பக்கவாட்டு வெளிச்சத்தில் துண்டின் விளிம்பு தெரிந்துவிடும். 1972 டிசம்பரில் மறைந்தார், அதற்குப் பின் அச்சானதில் கையெழுத்து இருக்க முடியாது.

சேலத்துக்காரருக்கு இன்னொரு நூலையும் சொல்வேன். நாமக்கல் கவிஞரின் என் கதை. 1997 வரை நாமக்கல் சேலம் மாவட்டம்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் கவிஞர் பெயர் எழுதிக் கொடுத்த பிரதி இருக்க மற்ற ஊர்களைவிட வாய்ப்பு அதிகம். இதுவும் நாட்டுடைமை, ஆகவே மேலே சொன்ன விலை, முகவரி, எழுத்துச் சோதனை அப்படியே பொருந்தும்.

நூலக முத்திரை இருந்தால் "நீக்கப்பட்டது" என்ற முத்திரையும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நூலகத்தின் சொத்து, தொடாதீர்கள். கையால் எழுதிய குறிப்புகளோ கடிதங்களோ சேர்ந்து வந்தால், 75 ஆண்டு கடந்தவற்றை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவரிடம் ரசீதில் நூல் பெயர், அச்சு ஆண்டு, கையெழுத்து உள்ள பக்கம், எந்த வீட்டு நூலகத்திலிருந்து வந்தது, தவறானால் பணம் திரும்ப என்ற ஐந்தும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.