புதுப்பிப்பு: போர்ஷே 911 மாடல்களின் பிரேக்கும் கியர்பாக்ஸும்

முந்தைய பதிவில் போர்ஷே 911-இன் 992 எனப்படும் தலைமுறையின் முதல் கட்ட மாடல்களை எஞ்சின் திறனை மட்டும் வைத்து ஒப்பிட்டிருந்தேன். விடுபட்ட பிரேக், கியர்பாக்ஸ் விவரங்களை இங்கே சேர்க்கிறேன்.

911 வரிசையின் அடிப்படை மாடலான கரேராவில் முன்னும் பின்னும் 330 மி.மீ. டிஸ்க்குகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர்களும் உள்ளன. கரேரா எஸ்ஸில் டிஸ்க்குகள் 350 மி.மீ. ஆவதோடு, முன் காலிப்பர்கள் ஆறு பிஸ்டன் கொண்டவையாகின்றன. எஸ்ஸுக்கும் மேலான கரேரா ஜிடிஎஸ்ஸோ, இன்னும் திறன் மிக்க 911 டர்போவின் பிரேக்குகளையே பெறுகிறது. முன்னால் 408, பின்னால் 380 மி.மீ. என்பது 480 குதிரைத்திறன் காருக்குத் தாராளம்தான். ஆகவே, கூடுதல் செலவில் கிடைக்கும் செராமிக் டிஸ்க்குகளை ஜிடிஎஸ்ஸில் சேர்ப்பதற்கு, அடிக்கடி பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கன்றி வேறு எவருக்கும் போதிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவை இரும்பு டிஸ்க்குகளின் எடையில் ஏறத்தாழப் பாதியே என்பது உண்மை. ஆனால் மாற்ற நேர்ந்தால் விலை மலைக்க வைக்கும்.

கியர்பாக்ஸில் நிலைமை சற்று விசித்திரமானது. இந்த முதல் கட்டத்தில் அடிப்படை கரேராவுக்கு எட்டு கியர் பிடிகே இரட்டை கிளட்ச் தானியங்கி மட்டுமே இருந்தது. கையால் மாற்றும் ஏழு கியர் வேண்டுமானால் எஸ் அல்லது ஜிடிஎஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது, அல்லது பின்னர் வந்த கரேரா டி-யைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. கரேரா டி-யில் கைமுறை கியர்பாக்ஸ் அடிப்படையிலேயே வந்தது. ஜிடிஎஸ்ஸின் கைமுறை கியர் நெம்புகோல் 10 மி.மீ. குட்டையானது. பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து உருவான ஜிடி3-இல் மட்டும் கணக்கு வேறு: ஆறு கியர் கைமுறை, அல்லது எடை குறைந்த ஏழு கியர் பிடிகே.