பிஎச்டிக்குத் தியரியா, அப்ளைடா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. எம்எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டேன், ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப்பும் கிடைத்துவிட்டது. குவாண்டம், ஸ்டாட் மெக் (புள்ளியியல் இயக்கவியல்) என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் வீட்டில், தியரி படித்தால் வேலை கிடைக்காது, சோலார் செல், பேட்டரி என்று ஏதாவது எடு என்கிறார்கள். லேப் பிடிக்காது என்றும் இல்லை, புராஜெக்டில் தின் ஃபிலிம் (மெல்லிய படலம்) செய்து, எக்ஸ்-கதிரால் அதன் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. எதை வைத்து முடிவு செய்வது?

சித்தூர்க்காரன்:
பணம்தான் கவலை என்றால் வீட்டில் இதைச் சொல்லுங்கள்: எதை எடுத்தாலும் ஃபெல்லோஷிப் ஒன்றுதான். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000, வாடகைப்படி தனி. வித்தியாசம் முடித்த பிறகுதான். செமிகண்டக்டர், மெட்டீரியல்ஸ் செய்தவர்களைக் கம்பெனிகளும் எடுக்கும். தியரியில் ஆசிரியர் இடங்கள் குறைவு, கோடிங் தெரிந்தவர்கள் டேட்டா சயின்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள்.

மலைப்பக்கம்:
தங்கச்சி, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிறைய இயற்பியல் நடக்கிறது. நம் பக்கத்து ஊட்டியையே பார். டிஐஎஃப்ஆர் என்ற டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைக் கவனிக்கிற இடம். 2014 டிசம்பரில் மேலே ஓர் இடிமேகம் கடந்தபோது அந்தக் கதிர்களால் காற்றில் உண்டாகும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்தது. அதை வைத்து அந்த மேகத்தில் சுமார் 1.3 கிகாவோல்ட் மின்னழுத்தம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு 2019ல் வெளியிட்டார்கள். அதற்குக் கருவியைப் பழுதில்லாமல் ஓட்டும் ஆளும் வேண்டும், குறைவுக்கும் வோல்ட்டுக்கும் உள்ள தொடர்பை சிமுலேஷனில் போட்டுப் பார்க்கும் ஆளும் வேண்டும். சோலார் செல்லும் அப்படித்தான். டிஎஃப்டி என்ற கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு பொருளின் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) பார்ப்பது முழுக்க குவாண்டம் மெக்கானிக்ஸ், ஒரு பீக்கரைக்கூடத் தொட வேண்டாம். ஸ்டாட் மெக் பிடித்த உனக்கு கண்டென்ஸ்டு மேட்டர் கம்ப்யூட்டேஷன், அதாவது திட, திரவப் பொருள்களின் இயற்பியலைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது, பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கும் பதில் சொல்லலாம், உனக்கும் மனசு நிறையும்.

தரமணி:
மேலே சொன்னது சரி. ஆனாலும் சுத்தமான தியரிதான் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் ஜெஸ்ட் நுழைவுத்தேர்வு எழுதுங்கள், சென்னை ஐஎம்எஸ்சி என்ற கணித அறிவியல் நிறுவனத்தில் இயற்பியல் முழுக்க தியரிதான். அப்புறம், எங்கே சேர்ந்தாலும் அதற்கு முன் அந்த கைடின் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். முடிக்க எத்தனை வருடம் ஆனது, கைடு வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா, லேப் என்றால் கருவி கெட்டுப்போனால் சரிசெய்யப் பணம் இருக்கிறதா, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். படிக்கிறவர்கள் மறைக்க மாட்டார்கள்.