"தன்னைத்தான் வெறுத்து" என்றால் தன்னையே பகைப்பதா? (மத்தேயு 16:24)

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)
நேற்று இங்கே "பழைய பதிப்பு" என்ற பெயரில் எழுதுகிறவர் வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு பாடக்குறிப்பு போட்டிருந்தார். வசனம் இது: "ஒருவன் என்னைப் பின்பற்றி வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்." அதற்கு அவர் எழுதியது: "இயேசு தன்னைத்தான் வெறுத்து என்றார். ஆகவே சுயமதிப்பு, அடையாளம் என்பதெல்லாம் மனோதத்துவக்காரர்கள் சபைக்குள் கொண்டுவந்த சரக்கு. விசுவாசி தன்னை வெறுக்கப் பழக வேண்டும்." இதுதான் அதன் சாரம். நற்கருணை வாங்குவதற்கு முன் திடப்படுத்தல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதையா கையில் கொடுப்பது?

மூலத்தில் அங்கே வெறுப்பே கிடையாது. மத்தேயு 16:24, மாற்கு 8:34 இரண்டிலும் இருக்கிற கிரேக்கச் சொல் "அபர்னெயோமாய்". மத்தேயு 26:34-இல் பேதுருவிடம் "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்" என்கிற இடத்திலும் அதே சொல்தான். பேதுரு இயேசுவை வெறுத்தானா? "அந்த மனுஷனை நான் அறியேன்" என்றான். எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றான். அதுபோல "எனக்கு நானே எஜமான்" என்கிற உரிமையைக் கைவிடு என்பதுதான் 16:24. மறுதலித்து. வெறுத்து அல்ல.

பழைய பதிப்பு (கடலூர் முதுநகர்)
வந்துவிட்டார் கிரேக்கப் பண்டிதர். போன லெந்து (தவக்கால) நாட்களிலும் இதே ஆள்தான் "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" (மத்தேயு 22:39) என்பதற்குள் தன்னை நேசிக்கச் சொல்லும் மூன்றாவது கற்பனை (கட்டளை) ஒன்று இருக்கிறது என்று சாதித்தார். அடுத்த வசனமே "இவ்விரண்டு கற்பனைகளிலும்" என்று எண்ணிக்கையோடு சொல்கிறதே என்று கேட்டதும் ஆளைக் காணோம்.

இப்போதும் கேட்கிறேன். லூக்கா 14:26-இல் "தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால்". யோவான் 12:25-இல் "தன் ஜீவனை வெறுக்கிறவனோ". இரண்டிலும் "மிசெயோ". சாட்சாத் வெறுப்பு. அதையும் மறுதலிப்பு என்று மாற்றி எழுதுவீர்களா?

கெடிலக்கரை
கேட்டது 16:24. ஓடியது லூக்காவுக்கு. சரி, அங்கேயே வருகிறேன். லூக்கா 14:26-இல் ஜீவனுக்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள்? தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள். தாயை வெறுக்கப் பழகு என்று ஒரு பாடக்குறிப்பு போடுங்களேன் பார்ப்போம். அதே போதனை மத்தேயு 10:37-இல் "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று வருகிறது. முதலிடம் யாருக்கு என்பதுதான் அங்கே பேச்சு.

மூன்றாவது கற்பனை என்று நான் சொல்லவே இல்லை. மூலத்தில் "உன்னைப்போல" என்று மட்டுமே இருக்கிறது, "நீ அன்புகூருவது" என்ற வினை தமிழில் விரித்து எழுதியது என்றேன். எபேசியர் 5:29 "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே" என்கிறது. தன்மேல் அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வேதம் பேசுகிறது. திரித்துச் சொல்லாதீர்கள்.

16:24-க்கு வாருங்கள். வெறுப்பா, மறுதலிப்பா?

ஜெயதொனி (வில்லியனூர்)
பிரதர்ஸ், வார்த்தைச் சண்டை எதற்கு? பிள்ளைகளுக்கு வேண்டியது அறிக்கை. காலையில் எழுந்ததும் வாய்விட்டுப் பத்து வசனம்: "நான் ராஜரீகமான ஆசாரியன்", "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", "என்மேல் இருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவைகள்". இருபத்தொரு நாள் விடாமல் சொன்னால் தாழ்வு மனப்பான்மை தானே போகும்.

கெடிலக்கரை
சகோதரரே, பழைய பதிப்பு ஒரு பக்கம் குழி வெட்டுகிறார், நீங்கள் மறுபக்கம் வெட்டுகிறீர்கள். நீங்கள் தந்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள்.

1 பேதுரு 2:9 "நீங்களோ" என்று ஆரம்பிக்கிறது. சொல்லப்படுவது சந்ததி, ஆசாரியக்கூட்டம், ஜாதி, ஜனம். நாலும் கூட்டத்தின் பெயர். அதைத் தனியாளுக்கு வெட்டிக் கொடுத்தால் சபை இல்லாமலே ஒருவன் ராஜாவாகிவிடுவான். பிலிப்பியர் 4:13-க்கு முந்தின வசனத்தில் பவுல் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். குறைவைச் சகிக்கும் பெலன் அது, பரீட்சையில் ஜெயிக்கும் பெலன் அல்ல. எரேமியா 29:11 பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கெடு இருக்கிறது. கடிதம் கேட்டவர்களில் பலர் அங்கேயே செத்திருப்பார்கள்.

எங்கே உடைகிறது தெரியுமா? பிள்ளை பத்தையும் சொல்கிறான், மனசு லேசாகிறது. மூன்றாம் வாரம் மதிப்பெண் குறைகிறது, அல்லது வீட்டில் ஒரு சுடுசொல். "சொல்லியும் பலிக்கவில்லை, என் விசுவாசம் போதாது" என்று முன்னிலும் கீழே போகிறான். மதிப்பைத் தன் வாயின் பலத்தில் தொங்கவிட்டதால் வந்த வினை.

செய்ய வேண்டியது இது. எபேசியர் நிருபத்தை நடுவில் பிரியுங்கள். 1 முதல் 3 வரை தேவன் செய்து முடித்தது. 4 முதல் 6 வரை நாம் நடக்க வேண்டியது. முதல் மூன்று அதிகாரத்திலும் கட்டளை என்று தேடினால் 2-ஆம் அதிகாரத்தின் "நினைத்துக்கொள்ளுங்கள்" ஒன்றுதான் கிடைக்கும். ஐம்பது நிமிஷ வகுப்பு என்றால் முப்பது நிமிஷம் 1:3 முதல் 14 வரைக்கே கொடுங்கள். கிரேக்கத்தில் அது ஒரே வாக்கியம். பிள்ளைகள் பென்சிலால் "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்" என்று வரும் இடங்களை வட்டமிடட்டும். வினைச்சொற்களைக் கோடிடட்டும். தெரிந்துகொண்டார், முன்குறித்திருக்கிறார், முத்திரைபோடப்பட்டீர்கள். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று எழுதட்டும். "நான்" என்று தொடங்கும் வாக்கியம் எதையும் முதல் வாரத்தில் எழுத விடாதீர்கள். இரண்டாம் வாரம் கலாத்தியர் 2:20. "இனி நான் அல்ல" என்பதும் "என்னில் அன்புகூர்ந்து" என்பதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. தன்னை மறுதலித்தவன்தான் அங்கே தான் நேசிக்கப்பட்டதைச் சொல்கிறான். வெறுத்தவன் அல்ல!

மிஷன் வீதி (புதுச்சேரி)
எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 1995-லேயே "தன்னலம் துறந்து" என்று தெளிவாகப் போட்டுவிட்டார்கள். நீங்கள் இன்னும் 1871 மொழிபெயர்ப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

பழைய பதிப்பு
"தன்னலம்" எங்கிருந்து வந்தது? மூலத்தில் "தன்னை" என்றுதான் இருக்கிறது. சுயநலத்தை விடு என்பதை எந்தப் பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்வார், அதற்குச் சிலுவை வேண்டாம். இயேசு கேட்டது ஆளையே. ரோமன் கத்தோலிக்கர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததைத் தெளிவு என்று குடிக்க நாங்கள் வரவில்லை.

கெடிலக்கரைக்கு இப்போது பதில் சொல்கிறேன், கவனமாக வாசிக்கட்டும். தீத்து 2:12: "அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுத்து". அங்கே கிரேக்கத்தில் "அர்னெயோமாய்", அவருடைய செல்லச் சொல்லின் வேர். லூக்கா 14:33: "தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால்". அங்கே மூலச்சொல்லுக்கு விடைகொடுத்து விலகுதல் என்று பொருள். அதாவது அந்த 1871 மொழிபெயர்ப்பைச் செய்த பவர் ஐயர் கூட்டத்தார் "வெறுத்து" என்பதை நிதானத்தோடு, ஒரே சீராக, துறத்தல் என்ற பொருளில் போட்டிருக்கிறார்கள். தமிழும் அப்படித்தான். "சம்சாரத்தை வெறுத்துக் காசிக்குப் போனார்" என்றால் பெண்டாட்டியைப் பகைத்தார் என்றா அர்த்தம்? தமிழ் தெரியாமல் கிரேக்கத்துக்குப் போனால் இப்படித்தான்.

கெடிலக்கரை
எல்லாரும் பாருங்கள். வெறுத்து என்றால் துறத்தல் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியானால் பாடக்குறிப்பில் "தன்னை வெறுக்கப் பழக வேண்டும்" என்றும், "கண்ணாடியில் தெரிபவனை அருவருக்க வேண்டும்" என்றும் எழுதியது யார்? அருவருப்பு எந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது?

1871-இல் சரியான சொல்லாகவே இருக்கட்டும். இன்றைக்கு "எனக்கு என்னையே வெறுப்பா இருக்கு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் அவள் காசிக்குப் போகிறேன் என்றா சொல்கிறாள்?

பழைய பதிப்பு
அருவருப்பு பாவத்தின் மேல். பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு விளக்க முடியாது. வெறுத்து என்றுதான் இருக்கிறது, வெறுத்து என்றுதான் வாசிப்போம்.

உப்பளத்துக்காரன் (புதுச்சேரி)
ரெண்டு பேரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. "தன்னை வெறு" என்ற பிரசங்கம் யாருக்குச் செய்யப்பட்டது? ஊரே வெறுத்தவனைப் பார்த்து நீயும் உன்னை வெறு என்றால் அது சுவிசேஷமா? சம்பா கோவிலுக்குள், அதாவது புதுச்சேரிக் கத்தோலிக்கப் பேராலயத்துக்குள், சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே சுவர் இருந்தது. 1745-இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பூசையில் "நீங்களெல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று", பக்கத்தில் சுவர். அடையாளம் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்லும் கலாத்தியர் 3:28-ஐ விட்டுவிட்டு ஒரு வினைச்சொல்லை உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மிஷன் வீதி
அண்ணே, ஒரு திருத்தம். இப்போது நிற்கிற பேராலயம் 1791-இல் கட்டி முடித்தது. சுவர் இருந்த கோவிலை 1761-இல் பிரிட்டிஷார் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். இந்தக் கட்டடத்தைப் பார்த்துச் சுவர் சுவர் என்று சொல்வது தவறு.

உப்பளத்துக்காரன்
கட்டடத்தின் வயசையா நான் கேட்டேன்? சுவரைச் சொன்னால் செங்கல்லுக்குத் தேதி சொல்கிறீர்கள்.

பழைய பதிப்பு
சுவர் உங்கள் கத்தோலிக்கப் பிரச்சினை. கடலூரில் 1737-லேயே லுத்தரன் மிஷன் வந்தாயிற்று.

உப்பளத்துக்காரன்
வந்ததும் சாதி ஒழிந்துவிட்டதாக்கும்! சாதிவாரியாகப் பிரித்த லுத்தரன் பெஞ்சுகளின் சரித்திரத்தை நான் ஆரம்பிக்கட்டுமா? 1950 பட்டியல் சாதிகள் ஆணையின் 3-ஆம் பத்தியை வாசியுங்கள். பட்டியல் சாதி என்றால் முதலில் இந்து மட்டும். 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. ஞானஸ்நானம் வாங்கிய புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மறுத்தது. தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று பிழைக்கிறவனிடம் போய் "கிறிஸ்துவுக்குள் உன் அடையாளம்" என்று வட்டம் போடச் சொல்கிறீர்கள்.

கெடிலக்கரை
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். வெறுக்கப்பட்டவனிடம் "வெறுத்து" என்று வாசித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

உப்பளத்துக்காரன்
உங்கள் பக்கத்துக்கு என்னை இழுக்காதீர்கள். "மறுதலித்து" என்று போட்டாலும் இல்லாத உரிமையை எப்படி மறுதலிப்பான்?

ஜெயதொனி
அதனால்தான் அறிக்கை என்கிறேன் பிரதர். தலையாக்குவார், வாலாக்கார்.

கெடிலக்கரை
உபாகமம் 28:13. அதே வசனத்தில் கற்பனைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனை இருக்கிறது. முழுதாக வாசியுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

இன்னொன்று, வகுப்பெடுக்கிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், "நான் இருந்து என்ன" என்று பேசினால் அது 16:24 அல்ல. அந்தப் பிள்ளைக்கு வசனம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள், பெற்றோரோடு ஜிப்மர் மனநல வெளிநோயாளர் பிரிவுக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். ஜெபம் கூடவே நடக்கட்டும். "தன்னை வெறுத்து" என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறவர் நாளைக்குத் தேவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பழைய பதிப்பு
ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். காட்ட முடியாது. பேச்சை மாற்றுவதே இவர் வேலை. ரோமர் 12:3 "எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்" என்கிறது. வேதம் பயப்படுவது மிஞ்சி எண்ணுகிறவனுக்கு.

கெடிலக்கரை
மீதியை ஏன் விழுங்கினீர்கள்? "தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணவேண்டும்". எண்ணவேண்டும் என்கிறார் பவுல். வெறுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. 16:24-இல் இருப்பது எந்தச் சொல்? அபர்னெயோமாயா, மிசெயோவா? ஒரே சொல்லில் பதில் போதும்.

பழைய பதிப்பு
ஒரே சொல்தானே? வெறுத்து.

கெடிலக்கரை
நான் கேட்டது கிரேக்கம்.

பழைய பதிப்பு
என் சபை தமிழில் வாசிக்கிறது. அடுத்த வார பாடக்குறிப்பு லூக்கா 9:23. அங்கேயும் "தன்னைத்தான் வெறுத்து"தான். வெள்ளிக்கிழமை போடுகிறேன்.

கெடிலக்கரை
போடுங்கள். அதே நாளில் தீத்து 2:12-ஐயும் சேர்த்துப் பக்கத்தில் வைக்கிறேன். உங்கள் ஆதாரம்தான் அது.