ஃபோர்டுசன் டிராக்டர் மல்லாந்து விழுந்தது ஏன்?

கேள்வி
1917-ல் வந்த ஃபோர்டுசன் எஃப் மாடல், உழும்போது முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழும் என்று படித்தேன். பின் அச்சில் இருந்த வார்ம் கியர் (திருகு வடிவப் பல் சக்கரம்) தான் காரணமா? ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய, கலப்பையை மூன்று இடத்தில் டிராக்டரோடு மாட்டும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜ் இதை எப்படிச் சரிசெய்தது?

பதில் 1
வார்ம் கியர் மேல் பழி போட வேண்டாம். எந்த கியராக இருந்தாலும், பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் விசை வண்டியின் உடலை அச்சைச் சுற்றி எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். சக்கரம் உருளும்வரை முன்பக்க எடை அதை அமுக்கி வைத்திருக்கும். கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டி, இரும்புப் பல் வைத்த சக்கரமும் வழுக்காமல் நின்றுவிட்டால் உடல்தான் சுழலும். ஃபோர்டுசன் நீளம் குறைந்த, எடை குறைந்த வண்டி. அதன் கிளட்ச் ஆயிலில் ஊறிய பல தட்டுகள். குளிரில் ஆயில் கெட்டியானால் மிதித்தாலும் உடனே விடாது. முன் சக்கரம் எழுந்த சுமார் முக்கால் நொடிக்குள் கிளட்ச் விடாவிட்டால் மீட்கவே முடியாது. பின்னாளில் நீண்ட வால் வைத்த மட்கார்டு போட்டார்கள்; தூக்கும்போது அது தரையில் ஊன்றும்.

பதில் 2
இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று இருந்தது: சேற்றில் புதைந்த சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுப்பது. கட்டை தரையில் ஊன்றியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி அப்படியே எழும். புதைந்தால் ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும்.

பதில் 3
ஃபெர்குசன் 1917-லேயே பெல்ஃபாஸ்டில், சக்கரமில்லாமல் வண்டியோடு சேர்த்து மாட்டும் கலப்பை செய்தார். சிக்கல் ஆழத்தில் வந்தது: முன் சக்கரம் மேட்டில் ஏறினால் கொழு ஆழமாக இறங்கிவிடும். அதற்குத்தான் ஆயில் அழுத்தத்தில் கலப்பையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக். 1936-ல் ஃபெர்குசன்-பிரவுன், 1939-ல் ஃபோர்டு 9என் இரண்டிலும் இது வந்தது.

கலப்பை மண்ணில் இழுபடும்போது அதன் மேல்பக்கம் முன்னே சாயப் பார்க்கும். அந்த அழுத்தத்தை டாப் லிங்க் (மூன்று இணைப்பில் மேலே உள்ள தண்டு) வாங்கி வண்டியை முன்னோக்கித் தள்ளும், முன் சக்கரம் தரையை விடாது. அதே அழுத்தம்தான் ஸ்பிரிங் வழியாக வால்வையும் அசைத்துக் கலப்பையை ஏற்றி இறக்குகிறது. பாறையில் மோதி அழுத்தம் எல்லை மீறினால் ஹைட்ராலிக் விட்டுக்கொடுக்கும். கலப்பையால் பின் சக்கரத்தில் ஏறியிருந்த எடை குறைந்து சக்கரம் வழுக்கிச் சுற்றும். அந்த வழுக்கல்தான் உயிரைக் காக்கிறது.

பதில் 1
ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் காப்பு கலப்பை மாட்டியிருக்கும்போது மட்டும்தான். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி மரத்தூரைப் பிடுங்கினால், இழுவை அச்சுக்கு மேலே விழும். எந்த டிராக்டரும் ஃபோர்டுசன் போலவே கவிழும். சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டுமே மாட்டுங்கள்.